வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை

அந்த மேலாளரின் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. எத்தனையோ வருடமாகிவிட்டது. மனிதர் உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. இருந்தால் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அடிக்கிறவன் அடித்துவிட்டுப் போகலாம். அடித்துக்கொண்டே, "உன் நன்மைக்குத்தான்" என்று சொல்லிச் சிரிக்கிறானே, அவனைத்தான் என்னால் தாங்க முடியாது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் மொன்றியலுக்கு வந்தவன் நான். சொந்த இடம் திருக்கோணமலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையொன்றில் வயர் இழுத்துப் பிழைத்தவன். இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில், சென்-லோரன் தெருவில் துணிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த ஒரு வானொலி நிலையத்தில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. கிரேக்கர், போர்த்துக்கேயர், இத்தாலியர், ஹெயிட்டிக்காரர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் கிழமையில் ஒன்றிரண்டு மணித்தியாலம் பிரித்து வாடகைக்குக் கொடுக்கும் நிலையம் அது. அவரவர் வந்து அவரவர் மொழியில் பேசிவிட்டுப் போவார்கள்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை யூதச் சமூகத்தின் நேரம். அதை நடத்தியவர் அறுபதை நெருங்கிய ஓர் அம்மா. குட்டையான உருவம், கனத்த குரல். வியாழக்கிழமைதோறும் முடி அலங்காரம் செய்துகொள்வார். அது கலைந்துவிடும் என்று ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டமாட்டார். ஒரு பக்கத்தை மட்டும் கையால் பிடித்துக் காதில் அழுத்திக்கொண்டு ஒன்றரை மணித்தியாலமும் பேசுவார். கலையகத்துக்குள் எதுவும் சாப்பிடக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே இருந்துதான் அவித்த முட்டையை உரிப்பார்.

அவர் தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண். முன்பு அந்த நிகழ்ச்சியை நடத்திய கிழவருக்கு ஒரு நாள் தொண்டை கட்டிவிட்டதாம். மரண அறிவித்தல் வாசிக்க யாராவது வேண்டும் என்று தேடி வந்திருக்கிறார்கள். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் என்று இவரைக் கூட்டிப்போனார்கள். ஒரு வெள்ளிக்கென்று போய்க் கதிரையில் இருந்தவர் இருபது வருடத்துக்கு மேலாக எழும்பவில்லை.

நான் அவரோடு வேலை செய்ய வந்ததும் தற்செயல்தான். ஒலிக்கட்டுப்பாட்டு அறையில் இருந்த கிரேக்கன், மொன்றியல் துறைமுகத்தில் லொறி ஓட்டினால் கூடச் சம்பளம் என்று கேள்விப்பட்டு, ஒரு வெள்ளி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். அந்த அம்மா கலையகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கத்திக்கொண்டிருந்தார். நான் நடைவழியைத் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பேச்சு முழுக்க ஆங்கிலம். அவருடைய ஆங்கிலம் ஐரோப்பிய யூதர்களின் இட்டிஷ் மொழியின் ராகத்தில் போகும். என்னுடையது எட்டாம் வகுப்போடு நின்றது. அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அவரோ மேலாளரோ தமிழ் கதைத்தார்கள் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம்.

"மிஸ்டர், தும்புத்தடியைக் கீழ வை. இதில கை வைக்கத் தெரியுமே?"

"தெரியும் மேடம். ஆனால் ஏதும் பழுதாப்போனால்..."

"பழுதாப்போனால் ரெண்டு பேருமாப் படியால இறங்கி ஓடுவம். வா."

இதில் கை வைத்தால் என் விண்ணப்பத்துக்கு ஏதும் பாதகம் வருமோ, துடைக்க வந்தவன் ஏன் குமிழைத் திருகினாய் என்று நாளைக்கு யாராவது கேட்பார்களோ என்று யோசித்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் தும்புத்தடியை நான் தொடவில்லை.

அவர் நிகழ்ச்சி நடத்திய விதத்தை இன்றைக்கு வானொலியில் கதைக்கிற பிள்ளைகள் பார்த்திருக்கவேண்டும். யார் இறந்தார், எங்கே அடக்கம், யாருக்குப் பேரப்பிள்ளை பிறந்தது, எந்த வெதுப்பகத்தில் ஓய்வுநாளுக்குரிய பின்னல் பாண் முடிந்துவிட்டது, எந்த இறைச்சிக்கடையில் வரிசை குறைவு, எல்லாம் வாசிப்பார். முதலில் இட்டிஷில், பிறகு ஆங்கிலத்தில், மொரோக்கோவிலிருந்து வந்த யூதர்களுக்காகக் கொஞ்சம் பிரெஞ்சில். மரண அறிவித்தல் முடிந்ததும் உடனே பாட்டுப் போடவிடமாட்டார். ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். தொடாதே என்று அர்த்தம். வானொலியில் சத்தம் நின்றால் எனக்கு நெஞ்சு நின்றுவிடும். ஒலியளவு காட்டும் ஊசி ஆடாமல் கிடக்கும் அந்த நேரம் முழுக்க எனக்கு வேர்க்கும். அவர் அசையமாட்டார்.

நேயர்களை ஏசவும் செய்வார். "ஆறாம் மாடியில ஒரு அம்மா ஆஸ்பத்திரியால வந்து தனிய இருக்கிறா. மகன் காரில இதைக் கேட்டுக்கொண்டு போறார். ஆரைச் சொல்லுறன் எண்டு மகனுக்குத் தெரியும். திருப்புங்கோ காரை." இப்படிச் சொன்னால் குறைந்தது நாலு மகன்மாராவது காரைத் திருப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் எல்லாவற்றிலும் முக்கியம், அன்றைக்கு விளக்கேற்றவேண்டிய நேரம். வெள்ளி பொழுது சாய்வதோடு அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும். சனி இரவு வரைக்கும் நெருப்பு மூட்டமாட்டார்கள், சுவிச்சுத் தட்டமாட்டார்கள். எல்லா யூதரும் அப்படியில்லை. அப்படி இருந்தவர்கள் சமையலறையில் ரேடியோவைப் போட்டுவிட்டு அந்த அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழமைக்குக் கிழமை மாறும் அந்த நேரத்தை நிகழ்ச்சியில் மூன்று தரம் வாசிப்பார். அதற்கும் மேலே தொலைபேசி அடிக்கும். காது கேளாத கிழவிகள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடாது. அவரே எடுத்துச் சொல்வார்.

புதிய மேலாளர் வந்தது ஓர் இலையுதிர்காலத்தில். படித்த மனிதர், நல்ல உடுப்பு. ஒரு வெள்ளி நிகழ்ச்சி முடிந்து நான் கலையகத்துக்குள் வயர் சுற்றிக்கொண்டு நிற்கும்போது வந்து அந்த அம்மாவின் மேசையில் சாய்ந்தார்.

"உங்கட நிகழ்ச்சியை சனிக்கிழமை காலைக்கு மாத்தலாம் எண்டு யோசிக்கிறன். எல்லாரும் வீட்டில நிக்கிற நேரம். நீங்கள் வியாழனே வந்து பதிஞ்சு வைச்சால் போதும்."

"சனிக்கிழமை என்ர ஆக்கள் ரேடியோவைத் தொடமாட்டினம்."

"எல்லாருமா?"

"தொடுறவைக்கு நான் தேவையில்லை. தொடாதவைக்குத்தான் தேவை."

"வெள்ளியே போட்டு விட்டிட்டுப் படுக்கட்டுமே. அது தன்பாட்டில பாடும்." சிரித்தார்.

"அப்ப விளக்கேத்திற நேரத்தை எப்பிடி வாசிக்கிறது? 'நேற்று இத்தனை மணிக்கு ஏத்தியிருக்கவேணும்' எண்டோ?"

"யோசியுங்கோ. உங்கட நன்மைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அதே சிரிப்போடு போனார்.

திங்கட்கிழமை நான் கூட்டிக்கொண்டிருக்க என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.  வேலை போகப்போகிறது, வேலை போனால் வாடகை, வாடகை போனால் விண்ணப்பத்தில் கொடுத்த விலாசம் மாறும், விலாசம் மாறினால் கடிதம் வராது, கடிதம் வராவிட்டால் என்னை ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று கதவைத் தட்டுவதற்குள் கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் போய் இறங்கிவிட்டேன். அவரோ கோப்பையில் கோப்பி ஊற்றித் தந்தார்.

"உங்கட சனம் பெருகுது. உங்களுக்கு ஒரு நேரம் இல்லாதது சரியில்லை. வெள்ளி பத்தரை தொடங்கிப் பன்னிரண்டு. உங்கட சங்கத்தோட கதைச்சிட்டன். அவை விருப்பம்."

"சேர், அது..."

"அந்த அம்மா சனிக்கு மாறுறா."

"மாறுறன் எண்டு அவ சொல்லேல்லையே சேர். புதன்கிழமை பின்னேரம் சும்மாதானே கிடக்குது? ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போடுறம். அதைத் தாங்கோ."

"புதனைப் பேந்து பாப்பம். இப்ப வெள்ளிதான் இருக்கு."

வெளியே வந்து தும்புத்தடியைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது. அந்த அம்மாவைப் போகச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. முட்டை உரிக்கிற, நேயர்களை ஏசுகிற, சொன்னபடி கேட்காத கிழவி அவருக்கு வேண்டாம். சனிக்கிழமையைக் கொடுத்தால் அவராகவே போய்விடுவார். யாராவது ஏனென்று கேட்டால், பாவம் அகதிகள், அவர்களுக்குக் கொடுத்தேன் என்று சொல்லலாம். அகதிக்குக் கொடுத்ததை வேண்டாம் என்று எந்த யூதர் வாய்திறப்பார்? எங்களைத் தும்புத்தடியாகப் பிடித்து அந்த அம்மாவைக் கூட்டித் தள்ளப் பார்த்தார். தும்புத்தடி பிடித்துச் சோறு தின்றவன் நான். எனக்குத் தெரியாதா, எந்தப் பக்கம் கூட்டுகிறார் என்று?

ஞாயிற்றுக்கிழமை பார்க்-எக்ஸ்தான்சியனில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரின் வீட்டில் கூட்டம். அவரை நாங்கள் அண்ணை என்போம். யாழ்ப்பாணத்தவர். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை, ஆனால் கதைத்தால் பாராளுமன்றத்தில் கதைப்பதுபோல இருக்கும். அவருடைய மனைவி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். மூலையில் ஒரு மாஸ்டர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே உணவகத்தில் கோப்பை கழுவுபவர்.

அந்த அம்மா முட்டை உரிப்பதிலிருந்து தொடங்கி நான் நடந்ததைச் சொன்னேன். அது ஒருவருடைய கையிலிருந்து பறிக்கிற நேரம், வேண்டாம் என்றேன்.

"நாங்களே பறிச்சனாங்கள்? அவன் தாறான், நாங்கள் வாங்கிறம்" என்றார் அண்ணை.

"அவன் ஏன் புதனைத் தரேல்லை? அதைக் கேட்டனியளே?"

"தம்பி, பந்தியில இருந்துகொண்டு இந்த வாழையிலை வேண்டாம், அந்த வாழையிலை தா எண்டு கேக்கிறதே? ஊரில நடக்கிறதைச் சொல்ல எங்களுக்கு ஒரு குரல் இல்லை. சனம் கடிதத்துக்கும் ரெலிபோனுக்கும் காத்துக் கிடக்குது. உமக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்காக நெஞ்சு எரியுது."

"திருக்கோணமலையார் அவவிட்டை முட்டை வாங்கித் திண்டிட்டார் போல" என்றார் மாஸ்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை என்பதுதான் என் கோபத்தைக் கூட்டியது. எங்களுக்கு ஒரு குரல் தேவைதான். கப்பல் ஏறிக் கனடாவுக்கு வந்த எங்கள் சனத்தைப் பற்றி வானொலிகளில் யார் யாரோ வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்த காலம் அது. பதில் சொல்ல எங்களிடம் ஒரு மைக் இல்லை. அதற்காக இந்த மைக்கா?

அப்போது மாஸ்டர் சுவரில் தொங்கிய யாழ்ப்பாணத்து நாட்காட்டியைப் பார்த்துவிட்டு எழும்பினார். "அண்ணை, வெள்ளி பத்தரை தொடங்கிப் பன்னிரண்டு இராகுகாலம்."

 எல்லோரும் ஒரேயடியாகக் கதைக்கத் தொடங்கினார்கள். அது அங்கத்தைய நேரம், இங்கே அப்போது இரவு என்றார் ஒருவர். இல்லை, சூரிய உதயத்திலிருந்து எண்ணவேண்டும், இங்கே குளிர்காலத்தில் சூரியன் பிந்தி வருகிறது என்றார் மாஸ்டர், பேப்பரில் கணக்குப் போட்டுக்கொண்டு. அதன்படி பார்த்தாலும் பாதி உள்ளேதான் விழுகிறது என்றார்.

"இராகு கனடாவுக்கு எப்பிடி வந்தவர்? அவருக்கும் அகதி விசாரணை முடிஞ்சுதாமோ?" என்றார் அக்கா கதவடியில் நின்று.

"நீர் சும்மா இரும். தொடங்கிற காரியம் நல்லாத் தொடங்கவேணும்" என்றார் அண்ணை.

எனக்கு ஒரு கணம் சந்தோஷம். இராகுவாவது அந்த அம்மாவைக் காப்பாற்றுவார் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ஆட்கள் லேசானவர்களா? வழி கண்டுபிடித்தார்கள். வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில் வந்து முதல் வணக்கத்தை மட்டும் ஒலிநாடாவில் பதிந்துவிடுவது. தொடக்கம் அதோடு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை நடப்பது தொடர்ச்சிதானாம். தொடர்ச்சிக்கு இராகுகாலம் இல்லையாம். அண்ணை அதை ஒரு தீர்மானமாகவே நிறைவேற்றினார்.

"எங்கட நேரம் பிழைக்கக்கூடாது எண்டு இவ்வளவு பாடுபடுறியளே, அந்த மனிசிக்கும் ஒரு நேரம் இருக்கு, அது பிழைச்சால் பரவாயில்லையோ?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன். படியிறங்கும்போதே பயம் பிடித்துக்கொண்டது. நாளைக்கு விசாரணையில் சங்கத்தின் கடிதம் கேட்டால் யாரிடம் போய் நிற்பது?

அடுத்த வெள்ளி அந்த அம்மா வந்தார். காலை வணக்கம் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் கலையகத்துக்குள் போனார். நிகழ்ச்சி தொடங்கிற்று. முதல் பாட்டைப் போட்டு, மைக்கை மூடி, சிவப்பு விளக்கு அணைந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெடித்தார்.

"உனக்கு வேணுமெண்டால் என்னட்டை நேர கேட்டிருக்கலாம்!"

"என்ன மேடம்?"

"உன்ர ஆக்கள் போய் என்ர நேரத்தைக் கேட்டவையாம். மேலாளர் சொன்னார். நீ எனக்கு முன்னால இருந்து குமிழைத் திருகிக்கொண்டு, பின்னால..."

பாட்டு முடியப்போனது. நான் கை காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் தேன் மாதிரிக் குரலில் ஒரு பேரப்பிள்ளை பிறந்த செய்தியை வாசித்து, தாயையும் பிள்ளையையும் வாழ்த்தினார். அடுத்த பாட்டு. விளக்கு அணைந்தது.

"நான் கேக்கேல்லை!" என்று இப்போது நான் கத்தினேன். "என்ர ஆக்களும் முதலில கேக்கேல்லை. அவர்தான் கூப்பிட்டுத் தந்தவர். நான் வேண்டாம் எண்டு சொல்லி என்ர சனத்திட்டை ஏச்சு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறன். நீங்களும் ஏசுறியள்!"

"வேண்டாம் எண்டு சொன்னனியோ? ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"வேலை போயிடும் எண்ட பயத்தில!"

"பயம்! எப்ப பாத்தாலும் பயம்! உன்ர முகத்தைப் பாத்தால் எனக்கே பயமாக்கிடக்கு!"

சிவப்பு விளக்கு. கோழி இறைச்சிக் கடையின் விளம்பரம். பிறகு ஒரு மரண அறிவித்தல், அதன் பின்னான அமைதி. அந்த அமைதியிலும் இரண்டு பேரும் கண்ணாடியின் இரு பக்கமும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு முழுக்க, பாட்டு ஓடும் நேரத்தில்தான் சண்டை. நேயர்களுக்கு ஒன்றும் தெரியாது. பதினொன்றரை வாக்கில் அவர் ஒரு முட்டையை உரித்துப் பாதியைக் கதவைத் திறந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். "தின். சத்தம் போட்டனி, பசிக்கும்." அவ்வளவுதான் சமாதானம்.

அதற்குப் பிறகு அவர் மேலாளரோடு சண்டை போட்டார். தன் சமூகத்துப் பெரியவர்களிடம் போனார். அவர்களோ, அகதிகளுக்குக் கொடுக்கும் நேரத்தை எதிர்த்தால் பேர் கெட்டுவிடும், சனிக்கிழமையையாவது வைத்துக்கொள் என்றார்களாம். மேலாளர் கணக்குப் போட்டது சரியாக இருந்தது. அந்தப் பெரியவர்களில் எத்தனை பேர் வெள்ளிக்கிழமை சமையலறையில் நின்றவர்கள்? அவர்கள் வீட்டில் நேரத்தைக் கேட்டது யாருடைய காது?

டிசம்பரில் அவருடைய கடைசி வெள்ளி. அழுகை, பிரியாவிடை ஒன்றும் இல்லை. கடைசி நிமிடத்தில் மைக்குக்குக் கிட்டப் போனார்.

"சனிக்கிழமை நான் வரமாட்டன். சனிக்கிழமை எனக்கு ஓய்வு. அடுத்த வெள்ளி விளக்கேத்திற நேரம் தெரியவேணுமெண்டால் யன்னலால எட்டிப் பாருங்கோ. யன்னலையும் இவை ஆருக்கும் குடுக்கேல்லை எண்டால்."

எழும்பி, மேலங்கியைப் போட்டுக்கொண்டு, படியால் இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் கிழமையே வேலையை விட்டுவிடவேண்டும் என்று எனக்கு இருந்தது. விடவில்லை. விட முடியாது. குளிர்காலத்தில் இன்னொரு வேலை தேடித் திரிய என்னிடம் நல்ல சப்பாத்துக்கூட இல்லை. கோபம் வருவதற்குக்கூட வசதி வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

அடுத்த வெள்ளி எங்கள் நிகழ்ச்சி. வியாழன் பதிந்த வணக்கம் முதலில் போயிற்று. பிறகு அண்ணை நேரடியாக வந்தார். நன்றாகவே பேசினார், அதை மறைக்கக்கூடாது. அக்கா பிறந்தநாள் வாழ்த்து வாசிக்க வந்து பக்கத்தில் இருந்தார். மேலாளர் புகைப்படக்கருவியோடு கலையகத்தின் மூலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். தொலைபேசி அடிக்கத் தொடங்கிற்று.

"பாத்தீரே, முதல் நாளே சனம் அள்ளுது" என்று பாட்டு நேரத்தில் அண்ணை கைகாட்டினார்.

எடுத்தால் கிழவிகள். "எத்தனை மணிக்கு?" என்று ஒருத்தி. "அவ எங்கே? செத்துப்போனாவோ?" என்று இன்னொருத்தி. "இதென்ன பாஷை? என் ரேடியோ பழுதோ?" என்று மற்றவள். நிகழ்ச்சி இல்லை, இனி இல்லை என்று சொல்லச் சொல்ல, அடுத்த அழைப்பு. ஒருத்தி ஒன்றும் கேட்கவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு அங்கேதான் பொறுமை போயிற்று. மேலாளரின் அறைக்குப் போய் அவருடைய ஆங்கிலப் பத்திரிகையை எடுத்தேன். காலநிலை மூலையில் அன்றைய சூரிய அஸ்தமனம் போட்டிருந்தது. அதைக் கிழித்துக்கொண்டு போய் அண்ணைக்கு முன்னால் வைத்தேன்.

"இதை வாசியுங்கோ. விளக்கேத்திற நேரம்."

"எங்கட நிகழ்ச்சியில இதென்ன? உமக்கு விசரே?"

"ரெலிபோன் முழுக்க அவைதான். உங்கட சனம் ஒண்டும் எடுக்கேல்லை. வாசியுங்கோ!"

"இராகுகாலத்தில இருந்தால் இப்பிடித்தான்" என்று அண்ணை தலையில் கை வைத்தார்.

அக்கா துண்டை இழுத்தெடுத்தார். "தாரும். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் சொல்லுறதில என்ன குறைஞ்சுபோகுது?" ஆங்கிலத்தில் வாசித்தார், பழக்கத்தில் தமிழிலும் வாசித்தார். மேலாளரின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் கண் என்னைத் தேடியது. தொலைபேசி அடங்கிற்று. நான் மூச்சு விட்டேன்.

உடனே மறுபடி அடித்தது.

"எந்த மடையன் அந்த நேரத்தைச் சொன்னது?" அந்த அம்மா.

"பேப்பரில போட்டிருக்கு மேடம்..."

"அது சூரியன் விழுற நேரம்! விளக்கு அதுக்குப் பதினெட்டு நிமிசம் முந்தி! சூரியன் விழுந்தாப் பிறகு நெருப்பைத் தொட்டால் அதுதான் பாவம். நகரத்தில இருக்கிற கிழவியள் எல்லாரையும் பாவம் செய்யவைக்கப் பாக்கிறாய்!"

"எங்களுக்குப் பொழுதுபட்டாப் பிறகுதான் மேடம் விளக்கு. அந்த நினைவில..."

"உங்களுக்கெண்டால் உங்களுக்கு வாசி! என்னை ரேடியோவில ஏத்து. இப்பவே ஏத்து!"

ஒரு சொல்லும் விளங்காத மொழியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக அவர் எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணை தேர்ந்தெடுத்த பக்திப் பாட்டு நடுவில் போய்க்கொண்டிருந்தது. மேலாளர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேண்டாம் என்று தலையாட்டினார். என் விண்ணப்பம், வாடகை, விலாசம், எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. பாட்டைக் குறைத்துத் தொலைபேசிக் குமிழைத் திருகினேன்.

தேன் குரல். மூன்று மொழியில் சரியான நேரம். மூன்று தரம். வைத்துவிட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேலாளர் உள்ளே வந்து, இனி இது நடக்கக்கூடாது என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பாட்டை வெட்டிவிட்டேன் என்று என்னை அடிக்கும் கோபத்தில் இருந்த அண்ணை, யாரும் எதிர்பாராமல் அவர் பக்கம் திரும்பினார். "சேர், இந்த ஒன்றரை மணித்தியாலம் நாங்கள் வாடகைக்கு எடுத்தது. அதுக்குள்ள ஆர் கதைக்கிறது எண்டு நாங்கள் சொல்லுவம். பிடிக்காட்டில் புதன்கிழமையைத் தாங்கோ." அதைத் தர அவருக்கு விருப்பமில்லை. கடைசிவரைக்கும் தரவுமில்லை. வெளியே வந்ததும் அண்ணை என்னிடம், "இன்னொருக்கால் சுவாமிப் பாட்டை வெட்டினீரோ, முறிச்சுப்போடுவன்" என்றார்.

ஆகவே வெள்ளிதோறும் அந்த அம்மா தொலைபேசியில் வந்தார். இதை நான் சொல்லும்போது, எவ்வளவு நல்ல விஷயம், இரண்டு சனமும் ஒற்றுமையாகிவிட்டீர்களே என்று சிலர் நெகிழ்ந்துபோகிறார்கள். எனக்கு எரிகிறது. ஒன்றரை மணித்தியாலம் வைத்திருந்தவருக்கு ஒரு நிமிடம் கொடுத்தோம். ஒற்றுமையாம். இறந்தவர்களை யார் வாசித்தார்? ஆறாம் மாடித் தாயின் மகனை யார் ஏசினார்? அவர் அந்தக் கதிரையில் மறுபடி உட்காரவேயில்லை.

பங்குனி மாதமளவில் ஒரு வெள்ளி, வழக்கம்போல எடுத்தார். அண்ணையின் பாட்டு போய்க்கொண்டிருந்தது. நான் குமிழில் கை வைத்தேன்.

"வெட்டாத, மிஸ்டர். முடிய விடு. நான் நிக்கிறன்."

நகரம் முழுக்கத் தன் வாயைப் பார்த்துக் காத்திருக்கப் பேசியவர், எங்கள் பாட்டு முடியும்வரை வாயை மூடிக்கொண்டு தொலைபேசியில் நின்றார். எங்களிடம் இரவல் கேட்கப் பழகிவிட்டார். பாட்டு நீளமான பாட்டு. நான் அந்தக் குமிழைப் பிடித்தபடி, யாரை அடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.